மிளகாய் மண்டி வீட்டுத் தலைப்பிரசவம்

மகப்பேறு வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களுக்கு ஏதாவது அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகமாக ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். பிழைத்தவர்களின் கதையைச் சொல்ல எங்கள் தலைமுறையில் ஆள் நிறைய உண்டு. அதைச் சொல்லியே மாலை வாங்கிப் பழகியவர்களும் உண்டு. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரிடமும் நல்ல பெயர் வாங்கவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. அதனால் எனக்கு வயிறு எரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இதில் மருந்தின் பெயரும் அளவும் கிடையாது, அவை உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன.

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆஸ்துமாவுக்கு மாத்திரை என்றால் விழுங்குவார்கள், ஊசி என்றால் கையை நீட்டுவார்கள், பம்பு, அதாவது வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர் என்றால் மட்டும் முகம் செத்துவிடும். பம்பு வந்துவிட்டால் கடைசிக் கட்டம் என்று ஊரே நம்பியது. கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் பம்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள். கல்யாணமான பெண்ணாக இருந்தால் கர்ப்பமான அன்றே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தச் சொல்ல டாக்டர் தேவையில்லை, பக்கத்து வீடு போதும்.

பிரேமாவும் அப்படி நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். விளாங்குடியில் புருஷன் வீடு. மூன்றாவது மாதம். நாற்காலியில் உட்கார்ந்து பெயரைச் சொல்வதற்குள் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். கூட வந்த மாமியார் முந்திக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முந்தியே இளைப்பு இருக்குன்னு சொல்லித்தேன் கட்டிக் குடுத்தாக. அத நான் குத்தஞ் சொல்லல. ஆனா மாசமா இருக்கறவ பம்பை அடிக்கலாமா டாக்டரம்மா? பிள்ளைக்கு ஆகுமா?"

"அம்மா, வயித்துக்குள்ள இருக்கற பிள்ளை தானா மூச்சு விடாது. அதுக்கும் சேத்து மூச்சு விடுறது உங்க மருமகதான். இவளுக்குக் குறைஞ்சா அதுக்கும் குறையும். மருந்தால வர்ற ஆபத்தைவிட மூச்சு முட்டுறதால வர்ற ஆபத்துதான் பெருசு."

இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். எங்கள் நெஞ்சுநோய் மருத்துவரிடம் பிரேமாவை அனுப்பினேன். அவர் தினமும் இழுக்க ஒரு பம்பும், திணறும்போது இழுக்க நீல நிறத்தில் இன்னொன்றும் கொடுத்து, இழுக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தார். அடுத்த மாதம் அவள் மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்து, ஏறியதே தெரியாமல் பேசினாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும் பெண் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன்பு அவளுக்குச் சிரிக்க மூச்சு இருந்ததில்லை.

ஏழாவது மாதம் நெருங்கியபோது அவளுடைய அப்பா தனியாக என்னைப் பார்க்க வந்தார். முத்தையா என்று பெயர். கீழமாசி வீதிப் பக்கம் வத்தல் மிளகாய் மண்டி வைத்திருந்தார். கீழே மண்டி, மேலே வீடு. அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் பக்கத்தில் நின்ற நர்ஸ் தும்மினாள், அடுத்து நான் தும்மினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாம வாரது நமக்கு முன்னாடியே தெரிஞ்சுரும்மா. சரக்கு அப்படி."

அவர் வந்த காரியம் வளைகாப்பு. ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பிரேமாவுக்கு அம்மா இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் முத்தையாவின் விதவைத் தங்கை இருந்தார், பிரேமாவுக்கு அத்தை. பேறுகாலம் பார்க்க அவர் போதும் என்பது முத்தையாவின் கணக்கு.

நான் முடியாது என்றேன். மிளகாய் மண்டிக்கு மேல் ஆஸ்துமா உள்ள கர்ப்பிணியை வைக்கக் கூடாது, பிரசவம் புருஷன் வீட்டிலிருந்தே நடக்கட்டும் என்றேன்.

"அதே வீட்டுல பொறந்து வளந்த பிள்ளதானம்மா?"

"அதனாலதான் இப்படி இளைக்குது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் துண்டைத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரே மக. தலைப்பிரசவத்தை அங்கிட்டே வச்சுட்டா, ஆத்தா போனதும் அப்பன் வீட்டு வாசலும் அடைச்சுப்போச்சுன்னு பேசுவாகம்மா."

"பேசட்டும்."

"உங்களுக்கென்னம்மா, பேசட்டும்னுருவீக." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "சரக்கு அம்புட்டையும் வெளியேத்திட்டா?"

"சரக்கு போனாலும் தூசி போகாது. சுவத்துல, பரண்ல, படிக்கட்டுல எல்லாம் வருஷக்கணக்கா ஏறி உக்காந்திருக்கும். கூட்டுனா இன்னும் கிளம்பும். வேண்டாம்யா. சொல்றதைக் கேளுங்க."

சரிம்மா என்றார். பிரேமாவிடமும் அவள் கணவனிடமும் இதையே நான் தனியாகவும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குச் சம்மதம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் டாக்டர் முன்னால் தலையாட்டுவது மரியாதை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததை நான் முத்தையாவின் வாயிலிருந்து பின்னால் கேட்டேன். வளைகாப்பு விளாங்குடியிலேயே நடந்தது. சீர்த் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது மாமியாரின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "வளையலோட சரி, பிள்ளைய இங்கனயே விட்டுட்டுப் போயிருவாக. ஆத்தா இல்லாத வீட்டுல யாரு பாக்க?" என்றாளாம். மாமியார் மறுத்தும் பேசவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. முத்தையா கை நிறையச் சந்தனத்தோடு அப்படியே நின்றுவிட்டாராம்.

மறுநாளே மண்டியைக் காலி செய்ய ஆரம்பித்தார். வத்தல் வரத்து அதிகமாக இருக்கும் மாதம். மூட்டைகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். வீதியில் மற்ற மண்டிக்காரர்கள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். ஆள் வைத்துப் பரணைக் கூட்டினார், சுவரைச் சுரண்டினார், வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். டாக்டரம்மா தூசி என்றுதானே சொன்னார்கள், தூசியே இல்லாமல் பண்ணிவிட்டால் என்ன சொல்லமுடியும் என்று நினைத்தார். எனக்குத் தெரிந்தால் தடுத்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லவில்லை. அந்த வெள்ளையடித்த வாசனை போகும்முன் காரில் மகளைக் கூட்டி வந்தார். அத்தை ஆரத்தி எடுத்தார். காற்று சுத்தமாகட்டும் என்று அறைக்கு அறை சாம்பிராணி போட்டு வைத்திருந்தார்.

ஒரு ஆஸ்துமாக்காரியைத் திணறடிக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தாலும் இதைவிடப் பக்குவமாகச் செய்ய முடியாது. கிளப்பிவிட்ட மிளகாய்த் தூசி, சுரண்டிய சுவர், பச்சைச் சுண்ணாம்பு, மேலே புகை. அத்தனையும் பாசம்.

மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நீலப் பம்பை எடுத்து இழுத்தாள். கொஞ்சம் அடங்கியது. அத்தை இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போட்டார். மத்தியானம் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தவளால் நிமிர முடியவில்லை. வீதி முனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கைராசிக்காரர் என்று அந்த வட்டாரமே அவரைக் கும்பிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சண்டையில் மண்டை உடைந்தது, எல்லாம் அவரிடம்தான். அவர் பிரேமாவைப் பார்த்ததும் நெஞ்சைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். கையில் இருந்த பம்பைப் பார்த்தார்.

"இதை எத்தனை தடவை அடிச்ச? பிள்ளைத்தாச்சி அடிக்கிற சாமானா இது?" என்று வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டார். படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார். ஆக்சிஜன் சிலிண்டர் அவரிடம் இருந்தது. அதில் காற்று இருந்ததா என்பது அவருக்கே தெரியுமோ என்னவோ. ஊசி போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகி, பழி தன் மேல் வந்துவிடும் என்று பயம். குளுக்கோஸில் அந்தப் பயம் இல்லை. பாட்டிலைத் தொங்கவிட்டால் வைத்தியம் நடப்பதாகச் சனங்களுக்குத் தெரியும், டாக்டர் மேலும் குற்றம் வராது. அவள் கை நீட்டிப் பம்பைக் கேட்டிருக்கிறாள். பேச முடியாததால் விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். "பயப்படாதம்மா, மருந்து உள்ள போகுதுல்ல" என்று தட்டிக் கொடுத்தாராம். வெயில் சாயும்வரை அப்படியே படுக்க வைத்திருந்தார். உதடு நீலமானதும்தான் வேறு எங்கேயாவது கொண்டுபோங்கள் என்றார்.

எங்களிடம் வந்தபோது அவளால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன், இழுப்புச் சத்தமே இல்லை. சத்தம் இல்லாத ஆஸ்துமாதான் ஆபத்தானது, காற்று போனால்தானே சத்தம் வரும். ஆக்சிஜன் வைத்தோம், முகமூடி வழியாகப் புகைமருந்து கொடுத்தோம். ஸ்டீராய்டு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைப் போல ஒரு புது டாக்டர் நின்றாள்.

"மேடம், உள்ள குழந்தை இருக்கு..."

"குழந்தைக்குத்தான் போடச் சொல்றேன். போடு."

போட்டாள். இதற்குள் குழந்தையின் இதயத் துடிப்பு தளர ஆரம்பித்திருந்தது. தியேட்டர் தயாராக இருந்தது. கத்தியை எடுத்தால் குழந்தையை வெளியே எடுத்துவிடலாம், ஏழு மாதக் குழந்தை பிழைத்தாலும் பிழைக்கலாம். ஆனால் மயக்க மருந்து டாக்டர் பிரேமாவைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்ப மேசையில ஏத்துனா இறக்குறதுக்கு ஆள் இருக்காது. முடிவு உங்களுது."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். கத்தி எடுத்தவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆனமட்டும் பார்த்தார் என்பார்கள். சும்மா நிற்பவரைத்தான் கேட்பார்கள். நான் அறுக்கவில்லை. தாயின் மூச்சு திரும்பினால் குழந்தைக்கும் திரும்பும், அதற்கு இருக்கும் வழி அது ஒன்றுதான் என்று நின்றேன். அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, அவள் முதுகில் கைவைத்துக்கொண்டு, குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அவளுக்கு விரல் நுனி சிவந்தது. குழந்தையின் துடிப்பு திரும்பவில்லை, நின்றுவிட்டது.

அது சரியான முடிவுதானா என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். இன்றைக்கு அவளை அதே நிலையில் கொண்டுவந்தாலும் அதையேதான் செய்வேன். சரியான முடிவு எடுத்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மத்தியானமே வந்திருந்தால் இரண்டு உயிரும் இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை.

பிறகு வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தோம். ஆண் குழந்தை. முத்தையா துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

பிரேமா தேறினாள். வீட்டுக்குப் போகும் நாளில் நர்ஸ் என்னிடம் ஓடி வந்தாள். நாங்கள் புதிதாகக் கொடுத்த இரண்டு பம்பையும் கட்டிலோரத்து அலமாரியிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறாள் என்றாள். போய்க் கேட்டேன்.

"இனிமே வேணாம் டாக்டர்" என்றாள், என்னைப் பார்க்காமல். "இத அடிச்சு அடிச்சுத்தான் என் பிள்ளைக்கு மூச்சு நின்னுச்சாம்."

"யாரு சொன்னா?"

மாமியார்தான் பதில் சொன்னார். "அந்த வீதி டாக்டரே சொல்லிட்டாரும்மா. பம்பு பாதி, உங்க ஊசி பாதின்னு. உங்கள நான் குறை சொல்லல, உசுரக் காப்பாத்திக் குடுத்தீக. ஆனா அந்தச் சனியன் இனி என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. இவள் அடுத்து கர்ப்பமானால் பம்பு இல்லாமல் இருப்பாள், அப்போது அவளும் போய்விடுவாள். குழந்தையைப் பறிகொடுத்தது போதாது என்று அந்த மனிதன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவள் மருந்தையும் பிடுங்கிவிட்டான்.

எங்கள் மருத்துவமனைப் பெரிய டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பம்பு நல்லதுன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க. அவரை ஏன் இழுக்கறீங்க? அந்த வட்டாரத்துக் கேஸ் எல்லாம் அவர் கைகாட்டித்தான் நமக்கு வருது."

"அவர் சொன்னது பொய்னு சொல்லாம பம்பு நல்லதுன்னு எப்படி சார் நம்புவாங்க?"

"நாசூக்கா சொல்லுங்க."

எனக்கு நாசூக்கு வராது. நால்வரையும் என் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். பிரேமா, அவள் கணவன், மாமியார், முத்தையா. ஒன்று விடாமல் சொன்னேன். மண்டியைக் கூட்டிய தூசியும், சுண்ணாம்பும், சாம்பிராணியும்தான் மூச்சைக் கட்டியது என்றேன். அப்போது கூடத் தப்பித்திருக்கலாம், பம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றி நேரத்தைக் கொன்றவர் அந்த டாக்டர் என்றேன். பம்பு ஒரு குற்றமும் செய்யவில்லை, அது இல்லாமல் போனதுதான் குற்றம் என்றேன். அடுத்த பிள்ளைக்கு இவள் உயிரோடு இருக்க வேண்டுமானால் பம்பு வேண்டும் என்று மாமியாரிடம் நேராகவே சொன்னேன்.

பிரேமா அழுதாள். மாமியார் எழுந்து போய் அலமாரியில் கிடந்த இரண்டு பம்பையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு நான் ஜெயித்தேன்.

ஆனால் முத்தையா தன் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அந்தத் தூசி என் மேலயும் இருக்குமாம்மா?"

டாக்டரிடம் கேட்ட கேள்விக்கு டாக்டராகப் பதில் சொன்னேன். "மண்டியில இருக்கறவரைக்கும் இருக்கும்யா. வேட்டி சட்டையில இருக்கும். முடியில நிக்கும். குளிச்சு, துணி மாத்திட்டு மகளைப் பாருங்க, போதும்."

தலையாட்டினார். "அந்த டாக்டரு தப்புத்தான் பெருசுய்யா" என்று மறுபடி சொன்னேன். அவர் கையெடுத்துத் தடுத்தார்.

"அவரச் சொல்லாதீகம்மா. ராசியான கை. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அவருதேன் பாத்தாரு. வேணாம்னு நீங்க சொல்லியும் கூட்டியாந்தது நான்தேன்."

நான் உண்மையை இரண்டு பங்காகப் பிரித்து, பெரிய பங்கு யாருக்கு என்றும் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் இரண்டையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் இன்னொரு உயிர் போகும். ஆனால் குற்றம் செய்தவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான். பாசம் வைத்தவன்தான் தூக்கிக்கொண்டு போவான்.

நான் பேசியது எப்படியோ வெளியே போய்விட்டது. கீழமாசி வீதியிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்த நோயாளிகள் நின்றுபோனார்கள். பெரிய டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் டாக்டர்கள் எல்லோரும் கூடிய ஒரு விழாவில் அந்தக் கைராசிக்காரருக்குச் சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கூட்டத்தில் இருந்தேன். விருந்தில் என்னைப் பார்த்ததும் தட்டோடு பக்கத்தில் வந்தார், ஒரு கூச்சமும் இல்லாமல்.

"முத்தையா மக எப்படி இருக்கா? அன்னைக்கு நான் மட்டும் குளுக்கோஸ் ஏத்தலைன்னா உங்ககிட்ட வர்றவரைக்கும் தாங்கியிருக்க மாட்டா" என்றார். நடிப்பில்லை. அதை அவர் மனதார நம்பினார். நான் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வெளியே வந்தேன்.

பிரேமா அதற்கு அடுத்த வருஷம் மறுபடி கர்ப்பமானாள். பத்து மாதமும் விளாங்குடியிலேயே இருந்தாள். காலையும் மாலையும் பம்பை எடுத்து நீட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியார்தான். ஒருநாள்கூட அவளுக்குப் பெரிதாக இளைக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. பிறந்ததும் அது அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு மூச்சு!

மாமியார் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். "உங்க அப்பா எங்க?" என்று பிரேமாவிடம் கேட்டேன். அவள் சன்னலைக் காட்டினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடை ஓரமாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு மேலா அப்பா என் பக்கத்துல வர்றதே இல்ல டாக்டர். வீட்டுக்கு வந்தாலும் தெருவுல நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிருவாரு."

நான் கீழே இறங்கிச் சாலையைக் கடந்து போனேன். என்னைப் பார்த்ததும் மரியாதைக்குத் துண்டை அவிழ்த்தார். தலை மொட்டை அடித்திருந்தது. வேட்டியும் சட்டையும் புத்தம் புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பேத்தி பிறந்திருக்கா, கீழ நிக்கிறீங்க? மொட்டை எந்தச் சாமிக்கு, முடிச்சாச்சா நேர்த்தி?"

"சாமிக்கு இல்லம்மா. முடியில நிக்கும்னு நீங்கதான சொன்னீக."

"இப்ப மண்டிக்குப் போயிட்டா வாரீங்க?" என்றேன்.

"மண்டிய அப்பவே விட்டுட்டேம்மா. அதுக்கப்புறம் வத்தலையே தொடல."

"அப்புறம் என்னய்யா, உங்க மேல ஒரு தூசியும் இல்ல. நான் சொல்றேன், மேல வாங்க."

"இல்லம்மா, இருக்கட்டும். உங்க பேச்ச ஒருதடவ கேக்காம விட்டது போதும். இங்கிட்டு இருந்தே பாத்துக்கிறேன். சன்னல்ல காட்டச் சொல்லுங்க."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மேலே போய்க் குழந்தையை வாங்கிச் சன்னலுக்குக் கொண்டுபோனேன். சன்னல் சாத்தியிருந்தது. நடுவில் ஒரு சாலை, அதில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. நான் குழந்தையைத் தூக்கிக் காட்டியதும், முத்தையா கையிலிருந்த துண்டால் தன் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.